லிவர் பயாப்ஸியா, ஃபைப்ரோஸ்கேனா?

ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வந்துட்டா அடுத்து லிவர்ல தழும்பு எவ்வளவு விழுந்திருக்குன்னு தெரிஞ்சாகணும், அதுக்குத்தான் இந்த ரெண்டும்.

பயாப்ஸின்னா விலா எலும்பு நடுவுல ஊசி விட்டு துளி சதை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க. கொழுப்பு, வீக்கம், தழும்பு எல்லாம் தனித்தனியா தெரியும், லிவர் ஏன் கெட்டுச்சுன்னே புரியாத கேஸ்ல, ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் (நம்ம எதிர்ப்பு சக்தியே லிவரைத் தாக்கற நோய்) சந்தேகத்துல எல்லாம் இதுக்கு ஈடே இல்ல. ஆனா எடுக்கறது மொத்த லிவர்ல சுமார் 50,000ல ஒரு பங்குதாங்க, ஊசி பட்ட இடம் நல்லா இருந்து பக்கத்துல தழும்பு இருந்தா தப்பிப் போயிடும். வலி இருக்கும், அபூர்வமா ரத்தக்கசிவும் வரலாம்.

ஃபைப்ரோஸ்கேன்ல ஊசியே கிடையாது. தோல் மேல ப்ரோப் வச்சு மெல்ல தட்டும், அந்த அதிர்வு லிவருக்குள்ள எவ்வளவு வேகமா ஓடுதுன்னு அளக்கும், லிவர் கெட்டியா இருந்தா வேகம் கூடும், அந்தக் கெட்டித்தன்மையை கிலோபாஸ்கல்ங்கற அளவுல சொல்லும். பத்து நிமிஷ வேலை. ஆனா 3 மணி நேரமாவது வெறும் வயித்தோட போங்க, சாப்பிட்டுட்டு போனா நம்பர் ஏறிடும், அதைப் பாத்து சும்மா பயந்தவங்க நிறைய. வயித்துல நீர் கட்டியிருந்தா சரியா வராது.

என்னைக் கேட்டா முதல்ல ஸ்கேன்தான். 8 கிலோபாஸ்கலுக்கு கீழன்னா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி. ஸ்கேன் ஒண்ணு சொல்லி ரத்த டெஸ்ட் வேற சொன்னா, டாக்டர் பயாப்ஸி கேக்கறப்ப தயங்காதீங்க.