யாங்கோன்ல நடக்குற சிறுகதை வகுப்பு, போகலாமா?

கதை எழுத ஆசை இருக்கிற நம்ம பசங்க இந்த ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு கட்டாயம் போகணும். கதையோட தீம்னா என்னன்னு இவ்ளோ தெளிவா யாரும் எனக்கு சொல்லித் தந்ததில்ல. 'பர்மா தமிழர் வாழ்க்கை'ங்குறது வெறும் டாபிக், அதப் பத்தி நீ என்ன கேக்குற, அதான் தீம்னு ஆரம்பிச்சாரு வகுப்பு எடுக்குற சார். வகுப்புக்கு வந்த ஒரு தங்கச்சி, 1964ல பர்மாவுல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ அண்ணன் மெட்ராசுக்கு கப்பல் ஏற தம்பி இங்கயே தங்கிட்ட கதை கொண்டு வந்துச்சு, கடைசி பாராவுல ரத்த பாசம் மாறாதுன்னு பாட்டி பேசுது, சார் அத அடிச்சுட்டு நடுவுல ஒரே ஒரு வரியில வந்து போன கடை பேரேட்ட, அதாவது கணக்கு நோட்ட காட்டி, ஊர்ல நிக்கிற பாக்கிய யாரு வசூல் பண்றது, போறவனா இருக்கிறவனான்னு கேட்டாரு பாருங்க, கதையே வேற ஆயிடுச்சு! அந்த பேரேடு இன்னும் ரெண்டு எடத்துல வந்தா போதும், பாட்டி வாயத் திறக்கவே வேணாம். முதல் டிராப்ட்ல தீம தேடாதீங்க, முடிச்சுட்டுப் படிக்கும்போது எது திரும்பத் திரும்ப வருதோ அதப் பிடிங்கன்னாரு, ரொம்ப சரி. குறைன்னா நேரம் பத்தல, எல்லார் கதையையும் எடுக்க முடியல, நோட்ஸும் இல்ல. தமிழ் வேகமா படிக்க வராதவங்களுக்கு பர்மீஸ்லயும் சொல்றாரு, தயங்காம சேருங்க.