திருப்பூர் பட்டன் கடை: தரம் நன்று, கிராஸ் கணக்கைப் பார்த்து வாங்குங்கள்

பட்டனை இருபது, முப்பது கிராஸ் (144 கொண்ட எண்ணிக்கை அளவு) என்று எடுக்கும் சின்ன தையல் யூனிட்டுகளுக்கு, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமுள்ள இந்த ஆக்சஸரீஸ் கடை தோதானது. பட்டனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டை இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. அது பிசகினால் பட்டன் மெஷினில் ஊசி நேராகப் பட்டன் மேல் இறங்கும். ஊசியும் போகும், பட்டனும் உடையும்.

எண்ணிக்கையில்தான் கவனம் வேண்டும். ஒரு கிராஸ் என்பது 12 டஜன், 144 பட்டன். வேலைக்குப் புதிதாக வரும் மெர்ச்சன்டைசர்கள் (ஆர்டருக்கான பொருள்களைக் கவனிப்பவர்கள்) பலர் நூறு என்றே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். 1,000 போலோ டி-சர்ட்டுக்கு, பீஸுக்கு 3 பட்டனும் ஸ்பேர் ஒன்றும் சேர்த்து 4,000. வேஸ்டேஜ் 3 சதவீதம் சேர்த்தால் 4,120. இதற்கு 29 கிராஸ் போதும். நூறென்று நினைத்து 42 கிராஸ் எடுத்தால் 1,928 பட்டன் மிச்சமாகும். கலர் போட்ட பட்டனைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

பாக்கெட்டை எடை பார்த்துத்தான் கட்டுகிறார்கள். 18 லைன் (பட்டன் சைஸ் அளவு) பட்டன், அதாவது 11.4 மி.மீ. விட்டமுள்ளது, லாட்டுக்கு லாட் கனம் கொஞ்சம் கூடினாலும் தராசு சரியாகவே காட்டும். உள்ளே நாலைந்து குறைந்திருக்கும். லாட்டுக்கு ஒரு பாக்கெட்டைப் பிரித்து, வரிசைக்கு 12 வீதம் 12 வரிசை அடுக்கிப் பாருங்கள். கடைசி வரிசை நிரம்பாவிட்டால் அங்கேயே கேளுங்கள். முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார்கள்.

ஸ்நாப் பட்டனுக்கு (அழுத்திப் பூட்டும் பட்டன்) இன்னும் உஷார் தேவை. ஒரு செட்டுக்கு நாலு பாகம். "ஒரு கிராஸ்" என்றால் 144 செட்டா, 144 பாகமா என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். செட் என்றால் கைக்கு 576 பாகம் வரவேண்டும்.

ஜிஎஸ்டி பில்லில் வரும் அளவுக் குறியீட்டையும் பாருங்கள்: ஜிஆர்எஸ் என்றால் கிராஸ், ஜிஎம்எஸ் என்றால் கிராம், ஜிஜிகே என்றால் 1,728 கொண்ட கிரேட் கிராஸ். ஓர் எழுத்து மாறினாலும் அளவே மாறிவிடும். பேக்கிங் லிஸ்டில் வரும் கிராஸ் வெயிட் வேறு சமாச்சாரம். அது பெட்டியோடு சேர்த்த மொத்த எடை.

டிடிஎம் கலர், அதாவது துணி நிறத்துக்கே சாயம் போட்ட பட்டன் கேட்பவர்கள் வாஷ் முடிந்த துணித்துண்டையே கொடுங்கள். கடையின் டியூப்லைட்டை நம்பாமல், வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் வைத்துப் பார்த்து ஓகே பண்ணுங்கள்.