தோலில் பட்டையா, எலும்பில் கம்பியா?

தொடை எலும்பு முறிந்தவரின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்கு மனசு பதறும். காரணம் என்னவோ எளிதுதான். தொடைத் தசைகள் வலுவானவை. எலும்பு உடைந்ததும் அவை சுருங்கி, உடைந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். கால் குட்டையாகும், வலியும் கூடும். அந்தச் சுருக்கத்தை எதிர்த்து இழுப்பதுதான் டிராக்‌ஷன். எதைப் பிடித்து இழுப்பது என்பதில்தான் இரண்டு வழிகள்.

முதலாவது, தோலைப் பிடித்து இழுப்பது. காலின் இருபக்கமும் பட்டை வைத்து, மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றி, பாதத்துக்குக் கீழே கயிறு கட்டி, கப்பி வழியாக எடையைத் தொங்கவிடுவார்கள். ஊசி வேண்டாம், துளை வேண்டாம், வார்டிலேயே சட்டென்று முடியும். ஆனால் இழுப்பை எல்லாம் தோலே தாங்கியாக வேண்டும். 5 கிலோவைத் தாண்டினால் கொப்பளித்து உரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் மெலிந்த தோலுள்ள முதியவர்களுக்கும் அந்த அளவே அதிகம்.

இன்னொன்று கம்பி. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃபிரிட்ஸ் ஸ்டீன்மன் 1907-இல் அறிமுகப்படுத்திய முறை. அந்தக் கம்பிக்கு இன்றும் ஸ்டீன்மன் பின் என்றே பெயர். மரத்துப்போக ஊசி போட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் குறுக்கே செலுத்துவார்கள். அதுவும் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக. முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு முக்கிய நரம்பு வளைந்து போகிறது. அது அடிபட்டால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடும். கம்பியின் முனையைத் தாங்களே பார்த்துச் செலுத்தும் பக்கத்தில் நரம்பு இருப்பதுதான் பாதுகாப்பு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை தொங்கவிடலாம், வாரக்கணக்கில் தாங்கும். கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்காமல் தினமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை.

என் கணக்கு இது: ஓரிரு நாளில் ஆபரேஷன் என்றால் பட்டையே போதும். நோயாளியின் நிலைமையால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றால் கம்பிதான். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களுக்கு வழக்கமாகப் பட்டை கட்டுகிறார்களே, அதனால் ஆபரேஷனுக்கு முன் வலி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பழக்கம் விடவில்லை, சரி.

உண்மையான போட்டி இவ்விரண்டுக்கும் இடையில் இல்லை, டிராக்‌ஷனுக்கும் ஆபரேஷனுக்கும் இடையில்தான். 1939-இல் ஜெர்மனி மருத்துவர் கூன்ட்ஷர் தொடை எலும்புக்குள் உலோக ராடு செலுத்திக் காட்டியபின், மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்து எலும்பு சேரக் காத்திருப்பது படிப்படியாகக் குறைந்தது. நுரையீரல் சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டு என்று படுத்தே கிடப்பதால் வரும் தொல்லைகளும் குறைந்தன. இன்று பெரியவர்களுக்கு டிராக்‌ஷன் பெரும்பாலும் ஆபரேஷன் வரைக்குமான ஏற்பாடுதான்.

எந்த முறையானாலும், கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நோயாளி மெல்லச் சறுக்கி வருவார். எடை தரையில் உட்கார்ந்துவிடும், இழுவையே இருக்காது. பாவம் என்று எடையைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. அப்புறம், முழங்கால் பக்கத்து அந்த நரம்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய, கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். நேற்று தூக்கியவர் இன்று தூக்கவில்லை என்றால், ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.