‘லீஷன்’ என்ற சொல்லும் அம்மாவின் ஒரு இரவும்

இந்த முறை ஊருக்குப் போனபோது மற்ற வேலைகளெல்லாம் சட்டென்று முடிந்தன. ஆஸ்பத்திரி அனுபவம்தான் மனதைவிட்டுப் போகவில்லை.

சாப்பிட்டதும் அம்மாவுக்கு வலது விலாவின் கீழே வலி, தோள்பட்டை வரை இழுக்கும். ஸ்கேன் எடுத்தோம். அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் கையில். அந்த வேகத்தில் குறையே இல்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட காமிங்க" என்றார்கள். டாக்டரைப் பார்ப்பதோ மறுநாள் காலையில்.

அம்மா எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிப்பார். ராத்திரி பதினொரு மணிக்கு ரிப்போர்ட்டோடு வந்து, "லீஷன்னா என்னடா? புத்துநோயா?" என்று கேட்டார். கை நடுங்கியது. நான் வாங்கிப் பார்த்தேன். ‘நோ ஃபோகல் லீஷன்’ என்று இருந்தது. கல்லீரலில் தனியாகக் கட்டியோ புண்ணோ எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். முன்னால் இருந்த அந்தச் சின்ன ‘நோ’ அம்மா கண்ணில் படவே இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் அன்று அவர் தூங்கவில்லை.

காலையில் ஒரு நர்ஸ் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். பெரிதாகக் கல்லீரல், அதன் அடியில் ஒட்டினாற்போல் பேரிக்காய் வடிவில் ஒரு பை.

"இதுதாம்மா பித்தப்பை. கல்லீரல்ல சுரக்கிற பித்தநீர் இதுல சேரும். உங்களுக்கு இதுக்குள்ள கல்லு." பேனாவால் நாலு புள்ளி வைத்தார். "கோலிலித்தியாசிஸ்னு போட்டிருக்காங்கல்ல? கோலின்னா பித்தம், லித்னா கல்லு."

"கோலிக்குண்டு மாதிரியா சிஸ்டர்?"

"அவ்ளோ பெருசில்லம்மா. சிஸ்ட்னா பை. ஐட்டிஸ்னு முடிஞ்சா அழற்சி, வீங்கிப் புண்ணாயிருக்குன்னு அர்த்தம். கோலிசிஸ்டைட்டிஸ் இல்லைன்னு எழுதியிருக்காங்க, அது நல்ல செய்தி."

அப்புறம் டாக்டர் அறையில் ‘கோலிசிஸ்டெக்டமி’ என்ற பேச்சு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா கேட்டார்: "பித்தப்பைய எடுத்துடணுமா டாக்டர்?" சித்திக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ‘ஹிஸ்டரெக்டமி’ என்று கேட்டது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. எக்டமி என்றால் எடுப்பது என்று தானே பொருத்திக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரிப்போர்ட்டில் முதலில் படிக்க வேண்டியது கடைசியில் இருக்கும் ‘இம்ப்ரஷன்’, அதாவது முடிவைச் சுருக்கிச் சொல்லும் பகுதி. ‘நெகட்டிவ்’ என்றால் தேடிய நோய் தென்படவில்லை என்று பொருள். ‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் சொல்லும்படி ஒரு கோளாறும் இல்லை. ‘அக்யூட்’ என்பது திடீரென வந்தது, ‘க்ரானிக்’ என்பது நாள்பட்டது. இரண்டுமே நோயின் கடுமையைச் சொல்வதில்லை. இதில் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

தமிழிலும் குழப்பம் உண்டு. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் மூன்றையுமே ‘ஈரல்’ என்று சொல்லிவிடுகிறோம். நெஞ்சுக்குக் கீழே எங்கே வலித்தாலும் ‘வயிறு’தான். அம்மா இவ்வளவு நாளும் "வயித்து வலி" என்றே சொல்லி, அல்சர் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். விரலால் தொட்டு, "இந்த இடம், சாப்பிட்ட பிறகு" என்று சொல்லியிருந்தால் முன்பே தெரிந்திருக்கலாம்.

மருந்துச் சீட்டு இன்னொரு கதை. ‘ஓடி’ (OD) என்றால் ஒரு வேளை, ‘பிடி’ (BD) 2 வேளை, ‘டிடிஎஸ்’ (TDS) 3 வேளை, ‘எச்எஸ்’ (HS) படுக்கும்போது. ‘எஸ்ஓஎஸ்’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். அது தெரியாமல் வலி மாத்திரையை அம்மா 3 வேளையும் விழுங்கிக்கொண்டிருந்தார். யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு மருந்து அட்டையிலும் எதற்கு, எப்போது என்று தமிழில் எழுதி ஒட்டினேன். வலி மாத்திரையில் மட்டும் சிவப்பு மையில்: வலித்தால் மட்டும். நர்ஸ் வரைந்த படம் அம்மாவின் ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது.