நெல்லை எக்ஸ்பிரஸா, வந்தே பாரத்தா, ஆம்னி பஸ்ஸா?

வேலையில் இருந்த காலத்தில் சென்னைக்குப் போக எதில் டிக்கெட் கிடைக்கிறதோ அதில் ஏறிவிடுவேன். அன்ரிசர்வ்டில் துண்டை விரித்து உட்கார்ந்து போனதும் உண்டு. இப்போது எனக்கு 68, வீட்டுக்காரிக்கு 64. மகன் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறான். பேரனைப் பார்க்க வருடத்துக்கு நாலைந்து தடவை திருநெல்வேலியிலிருந்து போய் வருகிறோம். ஏறத்தாழ 650 கிலோமீட்டர். மூன்று வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று.

பஸ்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். நியாயமாகப் பார்த்தால் எங்களுக்கு அதுதான் தோது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். அடுத்த மாதமே தென்மாவட்ட ஆம்னி பஸ்களும் அங்கே போய்விட்டன. நகருக்குள் போக வேண்டியவர்கள் இன்னமும் திட்டுகிறார்கள். எங்களுக்கோ மகன் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஸ்லீப்பர் பஸ்ஸில் கீழ் படுக்கை, ஏசி, போர்வை எல்லாம் உண்டு. இல்லாத ஒன்று கழிப்பறை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போடுகிறவனுக்கு ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்தாக வேண்டும். போன வருடம் ஒருநாள், மோட்டலில் நிறுத்திக் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தாங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் போனேன். "டோல்கேட் தாண்டி நிறுத்துறேன் ஐயா" என்றார் அந்தத் தம்பி. நல்ல பிள்ளை, சொன்னபடி நிறுத்தவும் செய்தார். ஆனால் அந்த டோல்கேட் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதோடு பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டாயிற்று. பொங்கல், தீபாவளிக்கு ஏறுகிற கட்டணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விமானம்? தூத்துக்குடிக்காரர்கள் போகட்டும். வாகைக்குளம் வரை கார், மீனம்பாக்கத்தில் இறங்கி இன்னொரு கார். கருப்பட்டியையும் நல்லெண்ணெய் டின்னையும் எடை போட்டு ஏற்றுவதற்குள் விடிந்துவிடும்.

ஆக, போட்டி ராத்திரி வண்டியான நெல்லை எக்ஸ்பிரஸ், பகல் வண்டியான வந்தே பாரத் என்ற இரண்டு ரயில்களுக்குள்தான்.

வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று ஓடத் தொடங்கியது. காலை 6 மணி வாக்கில் இங்கே கிளம்பினால் பிற்பகல் 2 மணிக்குள் எழும்பூர். எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சேர் காரில் சாப்பாட்டோடு ஒரு ஆளுக்கு 1,600 ரூபாய்க்கு மேல் ஆகிறது. உட்கார்ந்தே போக வேண்டும், கால் கொஞ்சம் வீங்கும். அடிக்கடி எழுந்து நடந்துவிடுவேன். மூட்டுவலி உள்ள வீட்டுக்காரிக்கு அந்த வெஸ்டர்ன் கழிப்பறை பெரிய உபகாரம். பகல் பயணம் என்பதால் கோவில்பட்டி கரிசல், திண்டுக்கல் பக்கத்து மலைகள், திருச்சி தாண்டிக் கொள்ளிடம், மதுராந்தகம் ஏரி என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போகலாம். இத்தனை வருடம் இந்தத் தடத்தில் போய் வந்தும் மதுராந்தகம் ஏரி தளும்பி நிற்பதை நான் பார்த்தது இந்த வண்டியில்தான். அதற்கு முன் அந்த இடத்தைத் தூங்கியபடியே கடந்திருக்கிறேன்.

இதில் குறை என்றால் கதவு. தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும். கோவில்பட்டியில் நிற்கிறதே என்று கடலைமிட்டாய் வாங்க இறங்கிவிடக் கூடாது. வழியனுப்ப வருகிறவர்களும் பையை வைத்துவிட்டு உள்ளே நின்று கதை பேசக் கூடாது. அப்புறம் அவர்களும் ஊர் போய்த்தான் திரும்ப வேண்டும். இன்னொன்று, மூட்டை. எல்லாவற்றையும் தலைக்கு மேல் தட்டில்தான் வைக்க வேண்டும். பேரனுக்கு முறுக்கு, மருமகளுக்கு வத்தல் வடகம், மகனுக்கு அரிசி என்று இவள் கட்டுகிற பைகளை நான் தூக்கி மேலே வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். பக்கத்து சீட்டுப் பையன் கைகொடுத்தால் உண்டு.

நெல்லை எக்ஸ்பிரஸில் அந்தத் தொல்லை இல்லை. கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிட்டால் தாம்பரம்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். இட்லியும் மிளகாய்ப் பொடியும் வாழையிலையில் கட்டிக்கொண்டு ஏறி, வண்டி கிளம்பியதும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது செங்கல்பட்டுப் பக்கம். தேர்டு ஏசி ஆயிரத்துச் சொச்சம், ஸ்லீப்பர் நானூறு ரூபாய் அளவில். முன்பு இதிலும் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று மூத்தோர் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தியதுதான், இன்னும் திரும்பக் கொடுக்கவில்லை. கொரோனா போய் எத்தனை வருடம் ஆகிறது!

ராத்திரி வண்டியில் எல்லாமே கீழ் பெர்த் கிடைப்பதைப் பொறுத்ததுதான். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் அதற்கென்று தனி கோட்டா உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவர் அல்லது இருவர் மட்டும்தான் இருக்கலாம். இது தெரியாமல் ஒருமுறை கோடை விடுமுறைக்குப் பேரனையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் போட்டேன். மூன்று பேருக்குமாகக் கிடைத்தது ஒரு மிடில், இரண்டு அப்பர். இவளுடைய முழங்காலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதாவது! கடைசியில் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் கீழ் பெர்த்தை விட்டுக்கொடுத்தாள். நான் மிடிலில் தலையை நிமிர்த்த முடியாமல் கிடந்தேன். நமக்குக் கீழ் பெர்த்தே கிடைத்தாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மிடிலைத் தூக்க வேண்டும் என்பது விதி. எட்டரைக்கே கண் சொருகுகிறவர்கள் அதுவரை மேல் பெர்த்காரர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். செகண்ட் ஏசியில் மிடிலே கிடையாது. கட்டணம் கிட்டத்தட்ட வந்தே பாரத் அளவுக்கு வந்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் தாம்பரத்தில் காலையிலேயே இறங்கிவிடலாம். மகன் ஸ்கூட்டரில் வந்து இரண்டு பையை வாங்கிக்கொண்டு, எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அப்படியே ஆபீஸ் போய்விடுவான். வந்தே பாரத் தாம்பரம் வருவது நட்டநடு மத்தியானம். அவன் அரைநாள் லீவு போட வேண்டும், இல்லையென்றால் மருமகள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். "அதுக்கென்னப்பா, வரேன்" என்பான். வரத்தான் செய்வான். அடுத்த தடவை கிளம்பும்போது நமக்குத்தான் யோசனையாக இருக்கும்.

அதனால் நாங்கள் போவது நெல்லை எக்ஸ்பிரஸில், திரும்புவது வந்தே பாரத்தில். திரும்பும்போது பைகள் காலி, தூக்க வேண்டியது ஒன்றுமில்லை. பேரன் வீட்டில் பத்து நாள் அரைத் தூக்கம் தூங்கிய உடம்புக்கு இன்னொரு ராத்திரியை ரயிலில் கழிக்கத் தெம்பும் இருக்காது. வீட்டுக்காரி மட்டும் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. "ராத்திரி பதினொரு மணிக்கு வந்து இருட்டு வீட்டைத் திறக்கணும், டேங்குல தண்ணி இருக்குமோ என்னமோ" என்பாள். அதுவும் சரிதான். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, அன்று சாயங்காலமே மோட்டார் போடச் சொல்லிவிடுகிறேன்.

முன்பதிவு 120 நாள் முன்னால் என்று இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அரையாண்டு லீவுக்கான டிக்கெட் நாளைக் காலை 8 மணிக்குத் திறக்கிறது. இந்த முறை பேரன் இங்கே வருகிறான். கூட்டி வரப் போவது நான் மட்டும்தான். இந்த முறை திரும்புவதும் ராத்திரி வண்டியில்தான்; அதற்கு என் பெயரில் ஒரு டிக்கெட்டும் அவன் பெயரில் தனியாக ஒரு டிக்கெட்டும் போடப் போகிறேன். எனக்குக் கிடைக்கிற கீழ் பெர்த்தில் அவன் படுத்துக்கொள்வான் என்பது வேறு விஷயம்.