ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை

தம்பியின் பிளேஸ்டேஷன் 4 வீடியோ கேம் பெட்டி, பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை. வீட்டுப் பக்கத்துக் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் ‘போர்டு போச்சு’ என்றார்கள். சரியென்று சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்கார அண்ணன் முதலில் பவர் சப்ளையை அளந்தார். பெட்டி ஆன் ஆகாதபோதும் வர வேண்டிய 4.8 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஒழுங்காக வந்தது. அப்புறம் போர்டின் 12 வோல்ட் லைனில் மல்டிமீட்டர் முனையை வைத்ததும் ‘பீப்’. ஷார்ட், அதாவது மின்சாரம் போகக் கூடாத குறுக்கு வழியில் பாய்கிறது! குறைந்த வோல்ட்டேஜ் கொடுத்து, போர்டின் மேலே சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினார். ஷார்ட் ஆன பாகம் சூடாகுமே! ஓரிடம் மட்டும் சட்டென்று காய்ந்தது. அங்கே எள்ளளவு கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம். மாற்றியதும் நீல விளக்கு மின்னி வெள்ளையானது, பெட்டி ஆன் ஆகிவிட்டது.

900 ரூபாய். கழற்றிய கெப்பாசிட்டரையும் கையில் கொடுத்தார். உட்கார ஸ்டூல் கிடையாது, வியர்த்துக் கொட்டும். ரசீது கேட்டால்தான் எழுதித் தருவார்.