கூரைக்குக் கீழே ஒரு கால்பந்துப் பருவம்: பாளையங்கோட்டை உள்ளரங்க லீக்கில் மூன்று மாதங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மாலை நேரக் கால்பந்துக்கு உத்தரவாதம் கிடையாது. நான்கு மணிக்குக் கறுக்கத் தொடங்கும் வானம் ஐந்தரைக்குக் கொட்டும். கோல் கம்பங்களுக்கு முன்னால் கணுக்கால் அளவுக்குச் சேறு சேர்ந்துவிடும். கார்த்திகை முடியும்வரை பையன்கள் விடுதி வராந்தாவில் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் புறவழிச்சாலையை ஒட்டித் தகரக் கூரை போட்ட செயற்கைப் புல் மைதானம் ஒன்றில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை லீக் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே எங்கள் அணியின் பெயரைப் பதிவு செய்தேன். அந்தப் பருவம் முழுவதையும் ஓர் அணிப் பொறுப்பாளனாக அருகிலிருந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். மைதானத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் அதுவே முறை என்று நினைக்கிறேன்.

எங்கள் அணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்து இங்குள்ள கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள். மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள். கோடையில் காயல்பட்டினத்தில் நடக்கும் மௌலானா ஆஸாத் கோப்பைப் போட்டியைப் பார்ப்பதற்காகவே பேருந்து ஏறிப் போகிறவர்கள். அகன்ற மைதானமும் நீண்ட பந்தும்தான் அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம். பக்கத்துக்கு ஐந்து பேர், நான்கு புறமும் பலகைச் சுவர், சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான் இருக்கிறது என்ற ஏற்பாட்டை அவர்களில் ஒருவரும் அதற்கு முன் ஆடியதில்லை.

பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் ஒரு முறை ஆட வேண்டும், பின்னர் முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி என்பது அமைப்பு. சனிக்கிழமை மூன்று ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஓர் அணிக்கு நுழைவுக் கட்டணம் 7,500 ரூபாய். நடுவர் கூலி, பந்து, குடிநீர் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள், அப்படியே நடந்தது. இடையில் எதற்கும் கூடுதலாகக் காசு கேட்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தின் உயிரே பலகைதான், ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூரைக்குக் கீழே ஆடும் கால்பந்தில் இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று 1930இல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் உருவாக்கிய ஆட்டத்திலிருந்து வளர்ந்த ஃபுட்சல். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளம், அதிகம் துள்ளாத நான்காம் அளவுப் பந்து, சுவர் கிடையாது, கோட்டைத் தாண்டினால் பந்து வெளியே. மற்றொன்று அமெரிக்க மரபு. குளிர்காலத்தில் பனி மூடி வெளி ஆட்டம் நின்றுபோகும் நாட்டில், ஐஸ் ஹாக்கி அரங்குகளுக்குள் செயற்கைப் புல்லை விரித்து, ஹாக்கிக்காக ஏற்கெனவே நின்ற சுற்றுச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். 1978இல் தொடங்கி 1992 வரை நடந்த மேஜர் இன்டோர் சாக்கர் லீக்தான் அதைப் பெரிய தொழில்முறை ஆட்டமாக்கியது. அதன் முதல் நான்கு பட்டங்களையும் நியூயார்க் ஆரோஸ் அணி தொடர்ச்சியாக வென்றது. அவர்களுக்குப் பனி, நமக்கு வடகிழக்குப் பருவமழை. கூரையைத் தேடிப் போன காரணம் ஏறக்குறைய ஒன்றே என்பதால்தானோ என்னவோ, எங்கள் மைதானத்துக்காரர் ஃபுட்சலை விட்டுவிட்டு அமெரிக்க வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வு சரியானது என்றே நினைக்கிறேன். பந்து வெளியே போகாத ஆட்டத்தில் இளைப்பாற இடமில்லை. பார்க்க வந்தவர்களுக்கும் கண்ணை எடுக்க நேரமில்லை.

முதல் இரண்டு வாரங்கள் எங்கள் பையன்கள் பலகையை எதிரியாகப் பார்த்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு காட்சி. எங்கள் இடப்பக்க ஆட்டக்காரன், உவரிப் பையன், மூலையில் எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில் சிக்கிக்கொண்டான். திரும்ப வழியில்லாத நிலையில், வலது காலின் உட்புறத்தால் பந்தைப் பலகையின் மேல் சாய்வாகத் தட்டிவிட்டு, அந்த இரண்டு பேருக்கும் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடி, திரும்பி வந்த பந்தைத் தானே எடுத்துக்கொண்டான். சுவரையே ஒரு தோழனாக வைத்துத் தனக்குத்தானே பாஸ் கொடுத்துக்கொள்ளும் அந்த வித்தையை நான் அவனுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. அன்றிரவு விடுதியில் அதற்குப் “பலகைப் பாஸ்” என்று பெயர் வைத்துவிட்டார்கள். பருவம் முடிவதற்குள் அணி முழுவதும் அதை ஆடக் கற்றுக்கொண்டது. ஆட்டக்காரர்களை வளர்க்க இந்த மைதானம் தகுதியானது என்பதற்கு எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

அதே பலகையில்தான் முதல் குறையும் இருந்தது. வடக்குக் கோலின் இடப்பக்க மூலையிலிருந்து எண்ணினால் நான்காவது பலகையின் கீழ் ஆணிகள் கழன்று, கையால் தள்ளினால் இரண்டு விரற்கடை உள்ளே போகும் நிலையில் இருந்தது. அங்கே அடித்த பந்து திரும்பாது. அப்படியே காலடியில் விழுந்து கிடக்கும். தினமும் அங்கே பயிற்சி செய்யும் அணிகளுக்கு அது தெரியும், வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. “அண்ணாச்சி, அந்தப் பலக செத்துக் கெடக்கு, அங்க அடிச்சா பந்து வர மாட்டேங்குது” என்று எங்கள் பையன் முதல் வாரமே வந்து சொன்னான். நான் நிர்வாகத்திடம் மூன்று முறை சொன்னேன். ஆறாவது வாரம்தான் தச்சர் வந்து ஆணிக்குப் பதிலாகத் திருகாணி போட்டு இறுக்கினார். வேலை அரைமணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அரைமணி நேர வேலைக்காக ஐந்து வாரம், அதாவது இருபத்தைந்து ஆட்டங்கள், சமமில்லாத களத்தில் நடந்தன என்பது என் வருத்தம்.

தரை நன்றாக இருக்கிறது. புல் இழைகளுக்கிடையே ரப்பர் குருணையைச் சீராக இறைத்து, ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் துடைப்பக் கட்டையால் வாரிச் சமப்படுத்துகிறார்கள். முழங்கால் சிராய்ப்பு இல்லாமல் போகவில்லை. ஆனாலும் கால் பிசகி யாரும் வெளியேறவில்லை. இரும்பு முள் வைத்த காலணிகளை வாசலிலேயே தடுத்துவிடுகிறார்கள், அந்தக் கண்டிப்பு பாராட்டத்தக்கது.

கூரையைப் பற்றி அப்படி ஒரே மூச்சில் நல்லது சொல்லிவிட முடியாது. மழை உள்ளே விழவில்லை என்பது உண்மை. வடகிழக்குக் காற்றில் சாரல் அடித்தபோது வடபுறம் நீலப் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டார்கள். ஆனால் நவம்பர் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மழை கனமாகப் பிடித்துக்கொண்டபோது, தகரத்தின் மேல் எழுந்த இரைச்சலில் நடுவரின் விசில் பத்தடிக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை. நடுவர் தவறுக்காக ஊதியிருக்கிறார். எங்கள் பையன் ஆடிக்கொண்டே போய்க் கோல் போட்டான். அது செல்லாது என்றதும் அவன் என்னிடம் ஓடிவந்து, “விசிலே கேக்கல அண்ணாச்சி” என்று கையை விரித்தான். எதிரணியினரும் விசில் கேளாமல்தான் அவனைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள் என்பதால் அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் முதல் நடுவர்கள் இருவரும் கையில் மஞ்சள் துணி வைத்துக்கொண்டு, ஊதும்போதெல்லாம் அதை உயர்த்தினார்கள். நல்ல உடனடித் தீர்வுதான், ஆனால் போதாது. பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரனின் கண் துணிக்குப் போகாது. விசிலோடு சேர்ந்து எரியும் ஒரு சிவப்பு விளக்கைக் கோலுக்குப் பின்னால் பொருத்த அதிகச் செலவாகாது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தண்டனை முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அமெரிக்க உள்ளரங்க ஆட்டத்தில் நீல அட்டை என்று ஒன்று உண்டு. அது காட்டப்பட்ட ஆட்டக்காரர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அந்த நேரத்தில் அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். ஹாக்கி அரங்கிலிருந்து சுவரோடு சேர்ந்து வந்த வழக்கம் அது. இங்கே அதற்கென்று தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கோபக்காரப் பையன் ஒருவனை மஞ்சள் அட்டை திருத்தாது. தன் அணி நான்கு பேரோடு திணறுவதை இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வைத்தால் திருத்தும். எங்கள் அணியில் அப்படி ஒருவன் இருந்தான். முதல் மூன்று ஆட்டங்களிலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் அதன்பிறகு ஒருமுறைகூட உட்காரவில்லை.

கடிகார விஷயத்தில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் பதினைந்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஃபுட்சலில் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. ஃபுட்சலில் பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும், அதற்கென்றே மேசையில் ஒரு நேரக் காப்பாளர் இருப்பார். 2016இல் பிரீமியர் ஃபுட்சல் போட்டி சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தபோது நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். சென்னை அணிக்காக பிரேசிலின் ஃபல்காவ் ஆடினார். அவருடைய கால் வேலை ஒருபுறம் இருக்க, எனக்கு மனத்தில் நின்றது அந்தக் கடிகாரம்தான். ஒவ்வொரு வினாடியும் ஆட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. இங்கே பதினைந்து நிமிடப் பாதிகள் இரண்டு, ஓடும் கடிகாரம். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி மூன்று நிமிடங்களில் என்ன செய்யும் என்று சொல்லவும் வேண்டுமா? பந்தைப் பலகைக்கு மேலே உள்ள வலையில் தூக்கி அடிக்கும். அது வலையில் சிக்கிக்கொள்ளும். ஒரு பையன் மூங்கில் கழியால் அதைத் தட்டி இறக்குவான். அதற்குள் முப்பது வினாடி போய்விடும். பலகை கட்டி ஆட்டத்தை வேகமாக்கிய கையோடு கடிகாரத்தையும் கவனித்திருக்க வேண்டாமா? நேரத்தை நிறுத்தி இயக்க ஓர் ஆளை மேசையில் உட்கார வைத்தால் இந்த லீக் இரண்டு மடங்கு மதிப்புப் பெறும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரையிறுதி அன்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு புதிய விதி வந்தது: நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் கோலுக்கு இரண்டு புள்ளி. தூரத்துக்கு ஏற்பப் புள்ளி கூட்டும் வழக்கம் புதிதன்று. அமெரிக்காவில் நேஷனல் புரொஃபஷனல் சாக்கர் லீக் ஒரு காலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி கொடுத்துப் பார்த்தது. விதி நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். ஒன்பது வாரம் ஒரு விதியில் ஆடவிட்டுப் பத்தாவது வாரம் காலையில் வேறொன்றைச் சொல்வது எந்த அணிக்கும் நியாயமில்லை. தற்காப்பை எங்கே நிறுத்துவது, கோல்கீப்பர் எவ்வளவு தூரம் முன்னேறி வரலாம் என்ற கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. கல்லூரி நாட்களில் கோல்கீப்பராக நின்றவன் என்ற முறையில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் ஐந்துக்கு ஆறு என்று தோற்றோம். ஆறில் இரண்டு அப்படி வந்த புள்ளிகள். எதிரணி எங்களைவிட நன்றாகவே ஆடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் விதித்தாளை முதல் நாளே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

பார்வையாளர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நான்கு வரிசைப் படிகள் இருக்கின்றன. குடும்பத்தோடு வந்தவர்கள் தயக்கமின்றி உட்கார்ந்து பார்த்தார்கள். கழிப்பறை சுத்தமாக இருந்தது. வாசலில் ஓர் அம்மா விற்ற கருப்பட்டிக் காப்பி மழை இரவுகளில் பெரிய துணை. வண்டி நிறுத்த இடம் போதாது. சாலையோரம் நிறுத்துகிறவர்கள் இருட்டில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

லீக் இல்லாத நாட்களில் மைதான வாடகை மணிக்குப் பகலில் 900 ரூபாய், விளக்கு போட்ட பின் 1,200. பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால் மாணவர்களுக்கும் எட்டக்கூடிய தொகைதான். அடுத்த பருவத்துக்கு முன்பணம் 2,000 ரூபாய் கட்டிவிட்டேன். ரசீதின் பின்பக்கத்தில், பந்து நின்றால் நிற்கும் கடிகாரம், விசில் விளக்கு, அச்சடித்த விதித்தாள் என்று மூன்றையும் என் கையால் எழுதி உரிமையாளரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு, விளக்குக்குக் கம்பி எந்த வழியாக இழுக்கலாம் என்று கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.